அடிநாதம்

பாண்டு வாத்தியம் கேட்குங்கால் நம் செவி உச்சக் குரலையே நாடுகிறது. பின்வரிசையில் டூபா என்னும் பெருங்குழலைச் சுமந்து ஊதுவோனைக் கண்டு நாமும் நகைத்ததுண்டு. ஹார்வி பிலிப்ஸின் வரலாற்றை அறிந்த பின்னரே அந்நகைப்பு நம்மைச் சுட்டது.

1929-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துச் சிற்றூரொன்றில் பிறந்த அவர், சர்க்கஸ் பாண்டில் ஊதிப் பிழைத்தார். 1971 முதல் 1994 வரை இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் விளங்கினார். டூபாவுக்கெனத் தனி உருப்படிகள் அருகியிருந்தமையால், அலெக் வைல்டர் போன்ற இசைப்புலவரை நாடிப் புதியன பெற்றார். கிறிஸ்துமஸ் நாளில் பிறந்த தம் ஆசான் வில்லியம் பெல்லின் நினைவாக, 1974-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் 300-க்கு மேற்பட்ட டூபாக்காரரை நியூயார்க்கில் ஒருங்கே ஊதச் செய்தார். 2010-இல் அவர் மறைந்தார்; விழா மறையவில்லை.

அன்பர்காள்! அடிநாதம் நின்றாலன்றோ மேல்நாதம் நிற்கும்? நகைத்தவர் நாம், நாண வேண்டியவரும் நாமே.