மொட்டைமாடிப் பாதை

இத்தாலியில் டூரின் நகரத்து லிங்கோத்தோ கார் தொழிற்சாலை 1923ல் திறக்கப்பட்டது. ஃபியட் கம்பெனியுடையது. ஐந்து மாடி. கச்சாப்பொருள் தரைத்தளத்தில் நுழையும். மாடிக்கு மாடி உருப்பெற்று, காராக மொட்டைமாடிக்கு வந்துசேரும். அங்கே சோதனை ஓட்டத்துக்கு ஒரு பாதை. 1982ல் ஆலையை மூடினார்கள். ரென்ஸோ பியானோ என்ற கட்டிடக் கலைஞர் அதைக் கடைகளும் ஹோட்டலும் கச்சேரி மண்டபமுமாக மாற்றியமைத்தார். பாதை இன்னும் இருக்கிறது. இப்போது அங்கே செடி வளர்க்கிறார்கள்.

அதன் புகைப்படங்களைப் பார்க்கையில் அப்பாவின் நினைவு. அவர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். நாகப்பட்டினத்திலிருந்து 1928ல் இடம்பெயர்ந்து வந்த பட்டறை அது. 1946 செப்டம்பர் 5ல் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் செத்ததும் பொன்மலையில்தான். எழும்பூருக்கு ரயிலில் போகும்போதெல்லாம் வண்டலூர் வந்ததும் அப்பா என்னை எழுப்புவார். "ஸ்டாண்டர்டு கம்பெனிடா. ஹெரால்டு இங்கதான் பண்றான்." அவர் கார் வாங்க நினைத்ததே இல்லை. செய்கிறார்கள் என்பதே அவருக்குப் போதுமாயிருந்தது.

ஹெரால்டு 1961ல் வந்தது. 1980களின் இறுதியில் ஆலையில் உற்பத்தி நின்றது. அந்த நிலத்தில் இன்று கணினி அலுவலகங்கள், அடுக்குமாடி வீடுகள். லிங்கோத்தோவில் கூடாவது மிஞ்சியது.

இதைக் கலாசார வீழ்ச்சி என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் பொன்மலைக்காரனுக்குச் சந்தை அந்நியமல்ல. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அப்பா கத்தரிக்காயை, போல்ட்டைப் புரட்டுவதுபோலப் புரட்டிப் பார்ப்பார். வாங்குகிற கை செய்கிற கையாகவும் இருந்தது. லிங்கோத்தோவில் இன்று பொருள் முடிந்தே வருகிறது. மாடி ஏறி இறங்குவது நாம் மட்டும்.

'நாம்' என்று எழுதிவிட்டேன். நான் அரம் பிடித்ததில்லை. அப்பாவின் எண்ணெய்க் கை கொண்டுவந்த சம்பளத்தில் படித்து, அந்தக் கையிலிருந்து விலகுவதையே படிப்பு என்று நினைத்தவன். சாப்பிட உட்காருமுன் அவர் மண்ணெண்ணெய் தொட்டுக் கை தேய்க்கும்போது முகம் சுளித்திருக்கிறேன். ஆலை போனதற்கு நான் வருந்துவதும் விலை கொடுக்காமல் எடுத்துக்கொண்ட சரக்குதானோ?

பொன்மலைப் பட்டறை ஓடிக்கொண்டிருக்கிறது. நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி இஞ்சின்களை அங்கே செய்திருக்கிறார்கள். அப்பா இருந்திருந்தால், பாய்லரை யார் அடித்தார்கள், எத்தனை பேர், எத்தனை நாள் என்று கேட்டிருப்பார். நான் இஞ்சினின் அழகைப் பற்றிப் பேசியிருப்பேன்.