வரையும் உள்ளும்

ஆங்கிலம் பழகும் பிள்ளைகளின் நோட்டுகளில் நான் அதிகம் திருத்துவது பெரிய சொற்களை அல்ல. பை, டில், சின்ஸ், ஃபார் என்று காலத்தைக் காட்டும் பொடிச் சொற்களைத்தான். 'டில் ஃப்ரைடே கட்டணம் செலுத்துங்கள்' என்று ஒரு மாணவி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அதன்படி நடந்தால் வெள்ளிக்கிழமை வரும்வரை பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்! "இதையே தமிழில் சொல்லும்மா" என்றேன். "வெள்ளிக்கிழமைக்குள், சார்" என்றாள், சட்டென்று. அந்த 'உள்' வரும் இடத்தில் பை. 'வரை' வரும் இடத்தில் டில். 'ஆறு மணிக்குள் வந்துவிடு', 'ஆறு மணிவரை இரு' என்பதை நம் வீட்டுக் குழந்தைகூட மாற்றிச் சொல்லாது.

அட், ஆன், இன் மூன்றும் அப்படித்தான். ஐந்து மணிக்கு, 15ஆம் தேதியன்று, மார்ச்சில். க்கு, அன்று, இல் என்று வரிசை அழகாகப் பொருந்துகிறது. 'இரவில்' என்பது மட்டும் அட் நைட் ஆகிவிடும். அதை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

சின்ஸ், ஃபார் விஷயத்தில் நமக்கு இன்னும் வசதி. இந்தியில் '2015 முதல்' என்றாலும் 'பத்து வருஷமாக' என்றாலும் 'ஸே' ஒன்றுதான். தமிழில் 2015இலிருந்து, பத்து வருஷமாக என இரண்டும் தனித்தனி. தொடங்கிய புள்ளிக்கு சின்ஸ், கழிந்த நீளத்துக்கு ஃபார். நாம் தடுக்கி விழுவது வினைச்சொல்லில். 'வேலை பார்க்கிறேன்' என்று நிகழ்காலத்திலேயே நாம் சொல்லிவிடுகிறோம்; ஆங்கிலம் அங்கே 'ஹாவ் பீன்' கேட்கிறது. வகுப்பில் இதற்குத்தான் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். விதிகளை ஆங்கிலத்திலேயே ஒப்பிக்க வைத்து, பிள்ளைகள் நாவிலேயே இருக்கும் இந்த வேற்றுமைகளைத் தொடாமல் விடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

தமிழும் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. 'திங்கள்வரை விடுப்பு' என்றால் திங்களன்று ஆள் வருவாரா, மாட்டாரா? டில் மண்டே என்றாலும் இதே சந்தேகம்தான். அமெரிக்கர்கள் த்ரூ மண்டே என்று சொல்லித் திங்களையும் சேர்த்துவிடுகிறார்கள். நம் நாட்டில் 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாஸஸ் சட்டம் 9ஆம் பிரிவில் இதைத் தெளிவாக்கியிருக்கிறது: மத்தியச் சட்டங்களில் முதல் நாளை விலக்க ஃப்ரம் என்ற சொல் போதும், கடைசி நாளைச் சேர்க்க டு போதும்.

விடுப்புக் கடிதத்துக்கு அந்தச் சட்டக் காவல் இல்லை. அடுத்த முறை எழுதும்போது, எந்த மொழியில் எழுதினாலும், வேலைக்குத் திரும்பும் நாளையும் ஒரு வரி சேர்த்து எழுதிவிடுங்கள்.