நோய் தேடும் கண்கள்

ஏப்ரல் மூன்றாம் வாரம். நெதர்லாந்தில் லிஸ்ஸே ஊருக்கு வெளியே, கால்வாயை ஒட்டிய ஒரு குடும்பப் பண்ணை. நான்கு தலைமுறையாகத் துலிப் கிழங்கு விளைவிக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், ஊதா என்று நிலம் பட்டை பட்டையாக விரிந்து கிடந்தது. நான் கேமராவை எடுத்தேன். பண்ணைக்காரரோ, வயலின் நடுவே குடை பிடித்துக் குனிந்து நடந்துகொண்டிருந்த பெரியவரைக் காட்டி, "முதலில் அவரோடு ஒரு பாத்தி நடந்துவிட்டு வாருங்கள்" என்றார்.

மழை இல்லை. பிறகு குடை எதற்கு?

அந்தப் பெரியவரின் வேலைக்கு டச்சு மொழியில் 'ஸீக்ஸூக்கர்' என்று பெயர், நோய் தேடுபவர். பூத்து நிற்கும் வயலில் வைரஸ் பிடித்த செடியைக் கண்ணாலேயே கண்டறிந்து கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். வெயில் பட்டு இலை மினுங்கினால் நோயின் கோடு மறைந்துவிடும். அதற்குத்தான் குடை.

அடர்சிவப்புப் பாத்தியில் ஒரே ஒரு பூவில் வெள்ளைத் தீற்றல்கள், தீ நாக்குப் போல. அந்த வயலிலேயே அழகான பூ அதுதான் என்று எனக்குத் தோன்றியது. பெரியவர் அதைத்தான் தோண்டிப் பையில் போட்டார்.

1630களில் டச்சுக்காரர்கள் பித்துப்பிடித்து வாங்கியது இந்தத் தீற்றலைத்தான். அன்று பேர்பெற்ற செம்பர் அகஸ்டஸ் என்ற வகையில் வெள்ளை இதழில் சிவப்புக் கோடுகள் ஓடின. 1637 பிப்ரவரியில் சந்தை சரிந்தது. அந்தக் கோடுகள் ஒரு தொற்றின் வேலை என்பது 1928இல்தான் இங்கிலாந்தில் டோரதி கெய்லியின் ஆய்வில் தெளிவானது. அசுவினிப் பூச்சி வைரஸைச் செடிக்குச் செடி கடத்துகிறது. தாய்க்கிழங்கு ஆண்டுதோறும் அழிந்து, அதன் இடத்தில் குட்டிக் கிழங்குகள் உருவாகின்றன. தாயின் நோய் அவற்றுக்கும் வந்துவிடுகிறது. கிழங்கு மெலிந்துகொண்டே போகும். செம்பர் அகஸ்டஸ் இன்று உலகில் இல்லை.

சிவப்பில் கண்டுபிடிப்பது எளிதாம். வெள்ளையிலும் மஞ்சளிலும் இதழ் காட்டிக்கொடுக்காது. இலையில் ஓடும் வெளிறிய கோட்டைத்தான் படிக்க வேண்டும். "பூவை விட்டுவிடு, இலையைப் பார்" என்றார் பெரியவர். மஞ்சள் பாத்தியில் நான் பார்த்துக் கடந்த இடத்தில் அவர் மூன்று செடிகளைத் தோண்டினார். ஒன்றுகூட என் கண்ணில் பட்டிருக்கவில்லை. குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டார். நாள் முழுக்க இந்தக் குனிவுதான். இப்போது கேமரா பொருத்திய ரோபோக்களும் சில வயல்களில் இந்த வேலையைச் செய்கின்றன. ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது என்று பண்ணைக்காரர் வருந்தினார்.

இந்தப் பண்ணை பூ விற்பதில்லை. விற்பது கிழங்கு. நோய் பார்த்து முடிந்ததும் இயந்திரம் வந்து பூக்களின் தலையைக் கொய்துவிடும். விதை பிடிக்கப் போகும் சத்து கிழங்குக்கு இறங்க வேண்டும்; உதிர்ந்த இதழ் இலையில் ஒட்டிப் பூஞ்சணம் பரப்பவும் கூடாது. ஜூன், ஜூலையில் கிழங்கை எடுத்து, தோலுரித்து, சுற்றளவு பார்த்துத் தரம் பிரிப்பார்கள். சிறியவை இலையுதிர்காலத்தில் மறுபடி மண்ணுக்குள் போகும். கடலோர மணல்மேட்டுக்குப் பின்னால் கிடக்கும் இந்த மண் நீரைத் தேங்க விடாது. கால்வாய்களை வைத்து நிலத்தடி நீர்மட்டத்தையும் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். கிழங்கு அழுகாமல் தேறுவது அதனால்தான்.

மறுநாள் லிம்மன் ஊரிலுள்ள ஹோர்டஸ் புல்போரம் தோட்டத்துக்குப் போனேன். வழக்கொழிந்த கிழங்குவகைகளைக் காக்கும் இடம் அது. ஸோமர்ஸ்கோன் அங்கே பூத்திருந்தது: பாலேட்டு நிறத்தில் இளஞ்சிவப்புத் தீற்றல். 1620 முதல் வழிவழியாக, நோயோடேயே பிழைத்து வருகிற வகை. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். முந்தைய நாள் பைக்குள் போன பூவும் நினைவில் வந்தது. இரண்டு இடத்திலும் நடப்பது சரிதான் என்றே எனக்குப் படுகிறது. ஆயிரக்கணக்கான கிழங்குகளை நம்பி ஒரு குடும்பம் வாழும் நிலத்தில் அந்தப் பூவுக்கு இடமில்லை.

முதல் நாள் பண்ணையிலிருந்து புறப்படும்போது பண்ணைக்காரர் வயலோரம் கட்டியிருந்த கயிற்றைக் காட்டினார். படம் எடுக்க உள்ளே இறங்குபவர்களின் காலடியில் செடி முறிகிறது. செருப்பில் ஒட்டிய மண்ணோடு மண்வழி நோய்கள் வயல்விட்டு வயல் போகின்றன. ஏப்ரலில் அந்தப் பக்கம் போகிறவர்கள் கயிற்றுக்கு இப்பால் நின்றே பாருங்கள்.