வாடகை விருந்தாளிகள்

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்று முன்பே பலமுறை எழுதியிருக்கிறேன். அந்தப் படிப்பால் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டிய காலத்தில் சல்லிக்காசுக்குப் பிரயோஜனம் இருந்ததில்லை. எழுபதைத் தாண்டிய பிறகு, திருவான்மியூரில் மகளுடைய ஃப்ளாட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையில்தான் அது கொஞ்சம் கைகொடுக்கிறது.

பிரெஞ்சில் 'ஓட்' என்று ஒரு சொல். எழுத்தில் ஹெச் உண்டு, வாயில் வராது. இடம் கொடுக்கிறவருக்கும் அதே சொல், வந்து தங்குகிறவருக்கும் அதே சொல். யார் யாருக்குச் சோறு போட்டார் என்று வாக்கியம் முடியும்வரை பிடிபடாது, வகுப்பில் திணறுவோம். நம் தமிழில் விருந்து என்றால் புதுமை என்பது பழைய பொருள். முன்பின் அறியாதவர்தான் விருந்தினர். அத்தையும் சித்தப்பாவும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இந்த வேலையில் இறங்கிய பிறகு அந்தப் பழைய பொருள் எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். ஃப்ளாட் எங்கள் வளாகத்திலேயே, தரைத்தளத்தில். பூட்டி வைத்தால் கடற்காற்று தின்றுவிடும். ஒரே வருடத்தில் கதவுக் கீல் துருப்பிடித்து, ஏசி காயில் ஓட்டையாகி, அலமாரித் துணியில் பூஞ்சை பிடித்தது. நிரந்தரக் குடித்தனம் வைத்தால் அவள் லீவில் வரும்போது தங்க இடமிருக்காது. அதனால் நாள் வாடகைக்கு விடலாம் என்று முடிவானது. டிசம்பரில் கலாக்ஷேத்திராவுக்கு நாட்டியம் பார்க்க வருகிறவர்கள், மருந்தீஸ்வரர் கோயிலில் வேண்டுதல் உள்ளவர்கள், டைடல் பார்க்கில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து வாடகை வீடு தேடும் பிள்ளைகள், இவர்களோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வரும் வெளியூர்க் குடும்பங்கள். முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அந்த மருத்துவமனைக்கு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால் வாரக்கணக்கில் தினமும் போய்வர வேண்டும். லாட்ஜில் கஞ்சி வைக்க முடியாது. அவர்களுக்கு வேண்டியது ஒரு அடுப்பும் சுத்தமான கக்கூஸும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது மூன்றாவது மாடியில் இன்னொருவர் இதே காரியத்தைத் தொடங்கினார். அவர் இருப்பது வேறு ஊரில். சாவி ஒரு எண் பூட்டுப் பெட்டியில் தொங்கும்; வருகிறவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. புத்தாண்டுக்கு முந்தைய இரவு நான்கு பேர் என்று பதிவு செய்து பதினான்கு பேர் வந்தார்கள். விடிய விடியப் பாட்டு. காலையில் மேல்தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்து ஃப்ளாட்டில் பைபாஸ் ஆகி இரண்டு மாதமான பெரியவர் இரவு முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். வாட்ச்மேன் மாடிக்குப் போய்ச் சொன்னதற்கு, "காசு குடுத்துத்தான் தங்கியிருக்கோம்" என்று பதில் வந்ததாம்.

அடுத்த வாரம் அசோசியேஷன் கூட்டம். நாள் வாடகையே வளாகத்தில் கூடாது என்று தீர்மானம். செயலாளர் அம்மா என்னைப் பார்த்து, "சார், உங்க வீட்டுக்கு வர்றவங்க மேல எங்களுக்கு ஒரு புகாரும் இல்ல. ஆனா விதின்னு வந்தா எல்லாருக்கும்தானே?" என்றார். அவர் பேச்சில் தவறு காண முடியவில்லை. அப்போது தரைத்தளத்தில் விழுப்புரம் பக்கத்து விவசாயி ஒருவர், மனைவியின் சிகிச்சைக்காக வந்து தங்கியிருந்தார். இன்னும் பதினெட்டு நாள் பாக்கி. விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. "ஐயா, நாங்க காலி பண்ணணுமா?" என்று கேட்டார். தீர்மானம் வந்தாலும் சிகிச்சை முடிகிறவரை ஒன்றும் ஆகாது என்றேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

தடை வேண்டாம், நிபந்தனை போடுவோம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தாவுக்கு வேறென்ன தெரியும்? உத்தியோகத்தில் இருந்தபோது பழைய சட்டத் தொகுப்புகளைப் புரட்டுவது என் பொழுதுபோக்கு. அதில் 1867-ம் வருடத்துச் சராய்ச் சட்டம் ஒன்று உண்டு. சராய் என்றால் வடக்கே வழிப்போக்கர் தங்கும் சத்திரம். சத்திரம் நடத்துகிறவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று அதில் வரிசையாகச் சொல்லியிருக்கிறது. அறை, திண்ணை, சாக்கடை, கிணறு எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். போதிய காவலாள் வேண்டும். கட்டண விவரத்தை எல்லோரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும். தங்கியவருக்குத் தொற்றுநோய் வந்தால் போலீஸுக்கு உடனே தகவல் தர வேண்டும். எனக்குப் பிடித்தது இன்னொன்று: திருடன் ஏறி இறங்க வசதியான மரக்கிளையை வெட்டிவிட வேண்டும்! அதை எழுதியவர் நிச்சயம் ஒரு சத்திரத்தில் பெட்டியைப் பறிகொடுத்தவராகத்தான் இருப்பார்.

என் நிபந்தனைகளும் அந்த ரகம்தான். சாவியைப் பெட்டியில் தொங்கவிடக் கூடாது. வீட்டுக்காரரோ அவருடைய ஆளோ நேரில் நின்று கொடுக்க வேண்டும். பாதித் தகராறு இதிலேயே தீர்ந்துவிடுகிறது. முகம் பார்த்து, "கீழ் வீட்டுல நாங்க இருக்கோம், மேல ஒரு பெரியவருக்கு உடம்பு சரியில்ல, பத்து மணிக்கு மேல சத்தம் வேண்டாம்" என்று சொன்னபின் பாட்டுப் பெட்டியைத் திருக மனசு வராது. எத்தனை பேர் என்பதைப் பதிவு செய்யும்போதே பெயரோடு கேட்டு, அந்தத் தாளை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அதற்கான படிவம் பதிய வேண்டும். 1946-ம் வருடத்துச் சட்டம் போய் 2025-ல் புதுச் சட்டம் வந்த பிறகும் தகவல் கொடுக்கும் பொறுப்பு இடம் கொடுப்பவருடையதுதான். மூன்றாவது மாடிக்காரருக்கு அப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாது.

தண்ணீரைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதினேன். 2019 கோடையில் இந்த ஊர் லாரிக்காகத் தவம் கிடந்ததை வெளியூர்க்காரர் எப்படி அறிவார்? எது மெட்ரோ தண்ணீர், எது போர் தண்ணீர், எதைக் குடிக்கலாம் என்று குழாய்க்குக் குழாய் சீட்டு ஒட்டியிருக்கிறேன். கீசர் சுவிட்சுக்கும் அப்படியே. ராத்திரி பதினோரு மணிக்கு வரும் போன்களில் முக்கால்வாசி கீசரைப் பற்றித்தான் வந்துகொண்டிருந்தது. சீட்டு ஒட்டியதும் நின்றுபோனது.

இனி பிரெஞ்சுப் படிப்பு. பிரான்சில் வீட்டை வாடகைக்கு விடும்போது 'எத்தா தெ லியூ' என்று ஒரு தாள் எழுதுவார்கள். இடத்தின் நிலை என்று பொருள். குடிவரும் நாளில் இரு தரப்பும் சேர்ந்து அறை அறையாகப் பார்த்து, சுவரில் கீறல் முதல் குழாய்க் கசிவு வரை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். காலி செய்யும்போது அதே தாளை வைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பார்கள். 1989-ம் வருட வாடகைச் சட்டத்திலேயே இது உண்டு. எங்கள் ஆபீஸ் ஸ்டாக் ரிஜிஸ்டரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு பக்கத்தில் தமிழிலும் மறு பக்கத்தில் ஆங்கிலத்திலும் செய்து வைத்திருக்கிறேன். குக்கர் ஒன்று, தட்டு ஆறு, ஸ்பூன் ஆறு, சோபாவில் காபிக் கறை ஒன்று, பழையது. "சந்தேகப்படறீங்களா?" என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. இந்தக் கறைக்கு உங்களிடம் யாரும் காசு கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

நிபந்தனைகள் ஓட்டுக்கு வந்தன. பதினொன்றுக்கு ஒன்பது என்று தப்பித்தோம், ஒரு வருடத்துக்கு மட்டும். பைபாஸ் ஆன பெரியவர் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மூன்றாவது மாடிக்காரர் ஆள் போடச் செலவாகும் என்று கடையை மூடிவிட்டார்.

விவசாயி தம்பதி சிகிச்சை முடித்துக் கிளம்பிய அன்று, தாளை எடுத்துக்கொண்டு போனால், அவரே பாத்திரத்தையெல்லாம் கழுவி மேடையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். "ஸ்பூன் ஏழு இருக்குதுங்க ஐயா, ஒண்ணு எங்களுது" என்றார். எது அவர்களுடையது என்று எங்களுக்குள் சிறிது நேரம் விவாதம். அந்த அம்மாள் ஆட்டோவிலிருந்தபடியே, "வளைஞ்சதுதாங்க நம்மளுது" என்று குரல் கொடுத்தார். மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வர வேண்டுமாம். தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.