பிரேக் பேடை மொத்தமாக வாங்கலாம்... பிரேக் ஆயிலைப் பங்கு போடலாமா?

இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் 2022-ல் உற்பத்தி நின்றது. சர்வீஸும் ஸ்பேர் பார்ட்ஸும் தொடரும் என்று நிறுவனம் சொன்னாலும், ஃபிகோ, ஈகோஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. ஒரே மாடல் கார் வைத்திருப்பவர்கள் வாட்ஸ்அப்பில் கூடி, பிரேக் பேடு, டிஸ்க் என்று மொத்தமாக விலை பேசுவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்ததாகச் சொல்லப்படும் தலம் இது. விஜயராகவப் பெருமாளைச் சேவிக்க வரும் வேன் திரும்ப வேகம் குறைக்கும். பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும். இந்தச் சாலையில் கார் ஓட்டுகிறவருக்கு பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இருபது செட் சேர்த்து எடுத்தால் டீலர் விலை குறைப்பார். ஆனால், எந்த விலையிலிருந்து குறைக்கிறார்? கார் உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. 128 ரூபாய்ப் பொருள் 118 ஆக வேண்டும். அதுவே கிட்டத்தட்ட 8 சதவிகிதம். பழைய எம்.ஆர்.பி அச்சான பெட்டியைக் காட்டி '15 சதவிகிதம் தள்ளுபடி' என்றால், அதில் பாதி ஏற்கெனவே உங்களுக்குச் சேர வேண்டியது!

அதைவிடப் பெரிய கவலை, போலி. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புரியும். ஜரிகையின் தரத்தைப் பார்க்காமல் விலை பேசினால் என்ன ஆகும் என்று தெரிந்த ஊர் அது. போலி ஜரிகையில் பணம்தான் போகும். போலி பேடில் பின் சீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். இத்தனைக்கும் பிரேக் தயாரிப்பு நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, சென்னை பாடியிலும் சோளிங்கரிலும் ஆலை வைத்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட டீலரைத் தேடிப் பிடிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை.

பணம் வசூலிக்கும் முன், முதலில் ஒரே ஒரு பெட்டி வாங்கிப் பார்த்துவிடலாம். தயாரிப்பாளர் முகவரி, மாதம், வருடம், எம்.ஆர்.பி எல்லாம் இருக்கின்றனவா? 'எல்லாம் ஒரே மாடல்தானே' என்று ஆர்டர் போடுவதும் ஆபத்து. வருடம், வேரியன்ட் மாறினால் பேடும் மாறலாம். ஒவ்வொருவரும் 17 எழுத்து சேசிஸ் நம்பரைக் கொடுத்து, பார்ட் நம்பரை உறுதிசெய்துகொள்ள வேண்டும். பில்லும் அவரவர் பெயரிலேயே வேண்டும். ஒருங்கிணைப்பாளர் பெயரில் மொத்தமாக ஒரே பில் போட்டால், நாளை வாரன்டி கேட்கும்போது மற்றவர்கள் கையில் எதுவும் இருக்காது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்தான்.

பிரேக் ஆயிலை மட்டும் பெரிய கேனாக வாங்கிப் பாட்டிலில் பிரித்துக்கொள்ளவே கூடாது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அதற்கான வரம்பே 155 டிகிரிதான். கொதித்தால் குமிழி உண்டாகும். மிதித்த பெடல் மெத்தென்று உள்ளே போகும். சீல் உடைக்காத சின்ன பாட்டிலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை.