எங்க ஊர் தண்ணி

கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வெளியூரில் எங்கே போய்க் காபி குடித்தாலும் முதல் வாய்க்கே முகத்தைச் சுளிப்போம். “பாலு நல்லாருக்கு, தூளு நல்லாருக்கு. தண்ணிதானுங்க சரியில்ல” என்போம். சிறுவாணித் தண்ணீர் உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று சொல்லித்தான் இங்கே பிள்ளைகளை வளர்க்கிறார்கள். முதலாவது எது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

என் தங்கை கல்யாணமாகிப் பெங்களூர் போன புதிதில் போனில் அழுதாள். அம்மா அரைத்துக் கொடுத்த அதே பொடி, அதே பருப்பு, அதே புளி. ஆனாலும் சாம்பார் அம்மா சாம்பாராக வரவில்லை. “எனக்குச் சமைக்கவே வராதுன்னு நெனைக்கறேன்” என்றாள். அம்மா போனை வாங்கி ஒரே வரியில் முடித்தார். “உனக்கு வரும் சாமி. அந்தூர்த் தண்ணிக்குத்தான் வரல.”

இருபத்தைந்து வருஷம் கழித்து அந்த ஒரு வரி என் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்த்த கதைதான் இது.

அம்மாவுக்கு இப்போது எண்பத்துநான்கு வயது. சிங்காநல்லூரில் என்னோடு இருக்கிறார். பேச்சில் இன்னமும் காங்கேயம் பக்கத்து மண் ஒட்டியிருக்கிறது. வீட்டு முன்கூடம் அவருக்கு ஆசாரம். கொல்லைப்புறம் பொடக்காலி. விருந்தாளி ஒறம்பரை. பண்டிகை நோம்பி. இப்படிப்பட்ட சொற்களைத் திரட்டிப் பெருமாள்முருகன் 2000-லேயே ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ கொண்டுவந்துவிட்டார். இருந்தாலும் என் அம்மா சொல்கிற சொல்லை, அவர் சொல்கிற மாதிரியே எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நோட்டுப் புத்தகம் போதாதா என்பீர்கள். நோட்டு என் பீரோவில் தூங்கும். விக்கி என்றால் சொல்லுக்கு ஒரு பக்கம். குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம். 2010-ல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழ் விக்கிப்பீடியாவுக்காகக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். விக்கி என்ற பேரை நான் கவனித்ததே அப்போதுதான். அந்த விக்கிப்பீடியா ஓடுவது மீடியாவிக்கி என்ற மென்பொருளில். இலவசம். அதன் மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

தங்கை மகள் பெங்களூரில் மென்பொருள் எழுதுகிறவள். “அம்மிச்சி சொல்லுக்கெல்லாம் குரலும் சேர்த்துப் போடற மாதிரி ஒரு ஒட்டு எழுதித் தர்றனுங் மாமா. நீங்க உங்க லேப்டாப்பில போட்டுப் பார்த்துக் குறை சொல்லுங்க, நான் திருத்தறேன்” என்றாள். மருமகள் முறை. மறுக்க முடியுமா?

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. விக்கி கேட்ட பி.ஹெச்.பி. பதிப்பு ஒன்று. என் லேப்டாப்பில் இருந்தது அதைவிடப் பழையது. புதியதைப் போட்டால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வேறொன்று படுத்தது. அதைத் தூக்கி நிறுத்தினால் இது படுத்தது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. போன் பண்ணினால் அவள் சொன்ன பதில் இதுதான்: “இங்க நல்லா ஓடுதுங் மாமா.”

உலகத்தில் மென்பொருள் எழுதுகிற எல்லோரும் ஒருமுறையாவது சொன்ன வசனமாம் இது. எனக்குத் தெரியாதே. வயசாகிவிட்டது, இதெல்லாம் நமக்கு வராது என்று லேப்டாப்பை மூடி வைத்தேன். இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். “தப்பு உங்க மேல இல்லீங் மாமா. எங்கம்மா சாம்பார் கதைதான். நிரல் ஒண்ணுதான், தண்ணிதான் வேற. இந்தவாட்டி தண்ணியையும் சேர்த்து அனுப்பறேன்.”

அந்தத் தண்ணி லாரிக்குப் பெயர் டாக்கர்.

அவிநாசி ரோட்டிலோ பல்லடம் ரோட்டிலோ போகிறபோது நீளமான கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு திட்டியிருப்பீர்கள். திருப்பூர் பனியன் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறுவது அதில்தான். இந்தப் பெட்டிக்கு மூலபுருஷர் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி. 1956 ஏப்ரலில் ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதற்கு முன்னால் மூட்டை மூட்டையாக இறக்கி, மறுபடி ஏற்றி, வழியில் நனைந்து, காணாமல் போய்... அவர் செய்தது ஒன்றுதான். சரக்கைத் தொடாதே, பெட்டியோடு தூக்கு என்றார்.

2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் கலிஃபோர்னியாவில் ஒரு கூட்டத்தில் ஐந்தே நிமிஷம் பேசி அதே யோசனையை மென்பொருளுக்குக் காட்டினார். நிரல், அது கேட்கிற பி.ஹெச்.பி., துணை நூலகங்கள், அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு மூடு. எந்த மெஷினில் இறக்கினாலும் உள்ளே அதே ஊர், அதே தண்ணி. டாக்கர் என்றால் துறைமுகத் தொழிலாளி. பொருத்தமான பேர்தான்.

‘ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்ப்யூட்டர் மாதிரி ஆகிவிடாதா, என் கிழ லேப்டாப் தாங்குமா?’ என்று நானும் கேட்டேன். இங்கே நம்ம ஊர் லைன் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மில் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகள். வீட்டுக்கு வீடு கதவு தனி, அடுப்பு தனி, சண்டையும் தனி. அஸ்திவாரமும் தண்ணீர்க் குழாயும் மட்டும் பொது. டாக்கர் பெட்டிகள் அப்படித்தான். லினக்ஸின் உள்கரு எல்லோருக்கும் பொது. அதனால் இடமும் கொஞ்சம், கிளம்புகிற நேரமும் கொஞ்சம்.

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். முதலில் கைப் பழக்கத்துக்கென்று ஒரு சின்னப் பெட்டியைத் தயார் செய்து அனுப்பினாள். “சும்மா பார்க்கத்தானுங் மாமா. எதையும் போட்டு வைக்காதீங்க.” எனக்குக் கை சும்மா இருக்குமா? விக்கி ஓடுவதைப் பார்த்த சந்தோஷத்தில் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல ஒரே ராத்திரியில் நாற்பத்துமூன்று சொற்களை அடித்தேன். காகிதத்தில் ஒன்றுகூட எழுதவில்லை. படுக்கப்போகும் முன் பெட்டியை மூட வேண்டும். ‘ஸ்டாப்’ என்று ஒரு கட்டளை, ‘டவுன்’ என்று ஒரு கட்டளை. எனக்கு டவுன் என்றால் டவுன்ஹால்தான் தெரியும். அதை அடித்தேன்.

காலையில் விக்கி பளிச்சென்று வந்தது. சொற்கள் எதுவும் இல்லை.

ஸ்டாப் என்றால் பெட்டி தூங்கும். டவுன் என்றால் பெட்டியே காலி. மறுபடி கேட்டால் புதுப் பெட்டி வரும், முதல் நாள் இருந்த மாதிரியே. இது கோளாறு இல்லையாம், அதுதான் அதன் குணமாம். “பெட்டி உடைக்கறதுக்குத்தானுங் மாமா. நம்ம சொந்தச் சரக்கை அதுக்கு வெளிய வைக்கோணும்” என்றாள். பாத்திரத்துக்குப் பாத்திரம் வாங்கலாம். அதிலிருந்து கொட்டியதை யார் அள்ளுவது?

இரண்டாம் தடவை முறையாகச் செய்தோம். மீடியாவிக்கியின் மூல நிரலை இறக்கினால், டாக்கருக்கான குறிப்புக் கோப்பும் அதிலேயே வருகிறது. மூன்று வீடுகள் கொண்ட லைன். ஒன்றில் பி.ஹெச்.பி., ஒன்றில் பக்கத்தைப் பரிமாறுகிற வெப் சர்வர், ஒன்றில் பின்னால் சில்லறை வேலை பார்க்கிறவர். ‘அப்’ என்று அடித்தால் மூன்று கதவும் திறக்கும். அப்புறம் நூலகங்களை இறக்க ஒரு கட்டளை, நிறுவ ஒரு கட்டளை. நடுவில் ‘அனுமதி இல்லை’ என்று ஒருமுறை முரண்டு பிடித்தது. லினக்ஸில் என் பயனர் எண்ணை அமைப்புக் கோப்பில் எழுதியிருக்க வேண்டும். எழுதியதும் வழிக்கு வந்தது. கதவு எண் 8080-ஐத் தட்டினேன். விக்கி வந்தது. அவள் மெஷினில் இருந்த அதே விக்கி. சொற்கள் சேர்கிற தரவுக் கோப்பு பெட்டிக்குள் இல்லை. என் லேப்டாப்பில் சாதாரண ஃபோல்டருக்குள் இருக்கிறது. ராத்திரி அதற்கு ஒரு நகலும் எடுக்கிறேன். சூடு பட்ட பூனை.

சொற்கள்? அம்மாவிடம் மறுபடி போய் நின்றேன். நாலு நாள் உட்கார்ந்து நாற்பது தேறியது. மூன்று வரவேயில்லை. என்னென்ன என்று எனக்கும் நினைவில்லை. எண்ணிக்கை மட்டும் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. “சொல்லு சொல்லுன்னா வருமா சாமி? அதது வர்றப்ப வரும்” என்றார் அம்மா.

போன ஐப்பசியில் ஒரு சீருக்காகக் காங்கேயம் பக்கம் அவரைக் கூட்டிப் போனேன். திரும்பும்போது காரை நிறுத்தி, கிளுவை வேலிக்கு நடுவே பழைய இட்டேரியில் கொஞ்சம் நடந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் அடைந்திருந்ததைப் பார்த்து, “தொண்டுப்பட்டி இன்னும் இருக்குது பாரு” என்றார். என் விரல்கள் துடித்தன. அந்த ராத்திரி நான் அடித்த சொல்!

தூறல் போட்டது. அம்மா பதறி, டிக்கியில் கிடந்த கோணிப்பையைக் காட்டினார். “தலை நனையுது பாரு. அதைக் கொங்காடை போட்டுக்க சாமி.”

சாக்கின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். ஐந்து வயதில் அப்பா அப்படித்தான் போட்டுவிடுவார். நாலு நாள் கெஞ்சியும் சிங்காநல்லூர் ஃபேனுக்கு அடியில் வராத சொல், மழையும் சாக்கும் மகனின் நனைந்த தலையும் சேர்ந்ததும் தானாக வந்துவிட்டது.

மூன்றாவது சொல் இன்னும் பாக்கி. தை நோம்பிக்கு மறுபடி போக வேண்டும்.