முதலில் வாசிக்கும் குழு

ராக் நிகழ்ச்சிகளில் ஒலிச் சோதனை தலைகீழ் வரிசையில் நடக்கும். இரவில் கடைசியாக வாசிக்கப்போகும் பெரிய குழுவுக்குத்தான் பகலில் முதல் நேரம். அவர்களுடைய டிரம் மேடையின் நடுவில் ஏறி உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு மைக்கும் நிதானமாகப் பார்த்து வைக்கப்படும். கிட்டாரின் ஒலி கடைசி வரிசைவரை எப்படிப் போகிறது என்று அரங்கில் நடந்து பார்த்துத் திருத்துவார்கள். மாலையில் முதலில் வாசிக்க வேண்டிய சிறிய குழுவுக்குக் கிடைப்பது, கதவு திறப்பதற்கு முன் மிஞ்சிய சில நிமிடங்களும், பெரிய டிரம்முக்கு முன்னால் மிஞ்சிய ஒரு கீற்று இடமும்தான். பல மேடைகளில் ஒலியளவுக்கும் வரம்பு உண்டு. முக்கியக் குழு வரும்போது ஒலி பொங்கி எழுந்ததுபோல் இருக்க வேண்டும் என்பதற்காக முன்னால் வாசிப்பவர்களைத் தாழ்த்தியே வைத்திருப்பார்கள். கேட்க வந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. முதல் குழு மங்கலாகவும் கடைசிக் குழு துல்லியமாகவும் இருந்தது என்ற தீர்ப்போடு வீட்டுக்குப் போவார்கள். மிக்ஸருக்குப் பின்னால் நிற்கும் எங்களுக்குத் தெரியும்: அந்தத் தீர்ப்பில் ஒரு பகுதியை நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஒரு ராக் அல்லது மெட்டல் குழுவின் புகழ் அதன் இசைத் தரத்தைக் காட்டுகிறதா என்ற கேள்வியை இங்கிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும் என்று நினைக்கிறேன். வழக்கமாக இந்த வாதத்தில் இரண்டு கட்சிகள். இத்தனை லட்சம் பேர் கேட்கிறார்கள், சரக்கு இல்லாமலா என்பது ஒன்று. விளம்பரம்தான் எல்லாம் என்பது மற்றொன்று. தரம் புகழைக் கொண்டுவருகிறதா என்று மட்டுமே இரண்டு கட்சியும் பார்க்கின்றன. புகழ் தரத்தைக் கொண்டுவருவதைப் பார்ப்பதில்லை. நல்ல ஸ்டுடியோ, நிதானமான ஒலிச் சோதனை, தேர்ந்த ஒலிப்பொறியாளர், வேறு வேலைக்குப் போகாமல் தினமும் பயிற்சி செய்யும் வசதி, இவையெல்லாம் புகழுக்குப் பின் வருபவை. இவை வந்தபின் இசை உண்மையிலேயே மேம்படுகிறது. ஆகவே புகழ்பெற்ற குழு நன்றாக ஒலிக்கிறது என்பது பெரும்பாலும் உண்மை. அந்த நன்மைக்காகத்தான் புகழ் வந்தது என்பது அதிலிருந்து கிடைக்கும் முடிவு அல்ல.

வசதிகளையெல்லாம் நீக்கிவிட்டு, வெறும் பாட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? அப்படி ஒரு சோதனை நடந்திருக்கிறது. மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர் அதன் முடிவுகளை 2006இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்கள், கேட்டவர்கள் 14,341 பேர். ஒரு பிரிவினர் மற்றவர்களின் தேர்வு தெரியாமல் தாங்களே கேட்டுத் தேர்ந்தார்கள். மற்றவர்களை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அவரவர் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டினார்கள். பாடல்கள் அதே 48தான், ஆனால் ஒவ்வொரு உலகத்திலும் வெற்றிப் பட்டியல் வேறாக வந்தது. 52மெட்ரோ என்ற குழுவின் 'லாக்டவுன்' என்ற பாடல், தனியாகக் கேட்டவர்களிடம் 26ஆம் இடம் பெற்றது. ஓர் உலகத்தில் அதுவே முதலிடம், இன்னோர் உலகத்தில் 40ஆம் இடம். ஆனால் மிகச் சிறந்ததாகத் தேறிய பாடல்கள் எந்த உலகத்திலும் அடியோடு தோற்பது அரிது, மிக மோசமானவை ஜெயிப்பதும் அரிது. இடையில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம். தொழிலில் இருப்பவர்களின் அனுபவத்தோடு இது அப்படியே பொருந்துகிறது. புகழ் ஒரு குறைந்தபட்சத்துக்கு உத்தரவாதம் தரும், அதற்கு மேலே யார் யாரைவிட மேல் என்று சொல்லும் தகுதி அதற்கு இல்லை.

ஒலிப்பதிவுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மெட்டல் இசையில் மெட்டாலிக்காவைவிடப் பெரிய பெயர் இல்லை. 1988இல் வந்த அவர்களுடைய 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸ் கிட்டார் கிட்டத்தட்டக் காதில் விழாது. கலவையில் இது சாதாரணக் குறை அல்ல, கட்டடத்தில் ஒரு தளமே காணாமல் போனதுபோல. அந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 80 லட்சம் பிரதிகளுக்கான அங்கீகாரம் பெற்றது. 2008இல் வந்த 'டெத் மாக்னெடிக்' ஆல்பத்தின் ஒலியை எல்லை மீறி நசுக்கி உரக்க ஒலிக்கச் செய்திருந்தார்கள். டிரம்மின் அடி விழும் இடமெல்லாம் கரகரப்பு. அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் அவ்வளவு நசுக்கப்படாமல் வந்ததால், கேட்பவர்களே இரண்டையும் ஒப்பிட்டுப் புகார் எழுப்பினார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனும், தன் கைக்கு வருவதற்கு முன்பே ஒலி அந்த நிலையில்தான் இருந்தது என்று எழுதினார். ஆல்பம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. இதைச் சொல்வதால் மெட்டாலிக்கா மட்டம் என்று ஆகிவிடாது. 1988 ஆல்பத்தின் பாடல் அமைப்பும் ரிஃப்களின் கட்டுமானமும் இன்றும் மாணவர்கள் பிரித்துப் படிக்கத் தக்கவை. ஒரு குழுவின் தரம் பல அடுக்குகளால் ஆனது, அவற்றில் எது ஜெயித்தது, எது தோற்றது என்பதைப் புகழ் பிரித்துச் சொல்வதில்லை என்பதுதான் விஷயம். எதிர்ப்பக்கச் சான்றையும் சொல்ல வேண்டும். 1991இல் வந்த அவர்களுடைய கறுப்பு அட்டை ஆல்பத்துக்காக பாப் ராக் என்ற தயாரிப்பாளரோடு பல மாதங்கள் ஸ்டுடியோவில் செலவிட்டார்கள், திரும்பத் திரும்பக் கலவை செய்தார்கள். அதன் டிரம் ஒலியை இன்றும் ஸ்டுடியோக்களில் அளவுகோலாக வைத்துக் கேட்கிறோம். அந்த ஒலியை வாங்கும் பணமும் நேரமும் அவர்களுக்கு முந்தைய புகழிலிருந்து கிடைத்தவை.

நான் இருக்கும் நியூசிலாந்திலிருந்து உலக மெட்டல் மேடைக்குப் போன குழு என்றால் இன்று எல்லோரும் சொல்லும் பெயர் ஏலியன் வெப்பன்ரி. ஹென்றி டி யோங், லூயிஸ் டி யோங் என்ற சகோதரர்கள் 2010இல், பத்து வயதிலும் எட்டு வயதிலும், தொடங்கிய குழு. நார்த்லாந்தின் வைப்பூ ஊரிலிருந்து வந்தவர்கள். பள்ளிக் குழுக்களுக்கான ராக்குவெஸ்ட் போட்டியில் 2016இல் வென்றார்கள். 2018இல் 'தூ' என்ற முதல் ஆல்பம் வந்தது, அதே ஆண்டில் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் வாசித்தார்கள். அப்போது இருவரும் பதின்பருவத்தினர். இவர்களைப் பற்றி ஓர் ஆட்சேபம் இங்கேயும் கேட்கும்: இந்நாட்டுப் பூர்வகுடிகளின் மாவோரி மொழியில் பாடுகிறார்கள், அந்தப் புதுமைக்காகத்தான் புகழ், இசைக்காக இல்லை என்று. இதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். புதுமை கதவைத் திறந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த மொழி அட்டைப்படத்தில் ஒட்டிய அலங்காரம் அல்ல. மாவோரியில் உயிரெழுத்துகள் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் குறிலும் நெடிலும் உண்டு. நம் அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ, ஒ ஓ அப்படியே அங்கே இருக்கின்றன. எந்த அசையும் மெய்யில் முடியாது. டிஸ்டார்ஷன் ஏறிய இரண்டு கிட்டார்கள் நடுவே ஆங்கில வார்த்தையின் மெய்யெழுத்துகள் கரைந்து போவதும், அதை மீட்க ஒலிப்பொறியாளர் படும் பாடும் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். உயிரில் முடியும் அசைகள் அந்த இரைச்சலின் மேலே மிதந்து வரும். குறில் நெடில் கணக்கு டிரம்மின் அடியோடு மாத்திரை பிசகாமல் உட்காரும். ஹக்கா என்ற மாவோரி ஆட்டப்பாட்டின் தாளக்கட்டு ஏற்கெனவே அந்த மொழிக்குள் இருக்கிறது. தமிழில் சந்தம் அறிந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆக, புதுமை என்று ஒதுக்கப்படுவதே இங்கே தரத்தின் ஒரு பாகமாக இருக்கிறது.

ஆக்லாந்துக்குத் தெற்கே, எங்கள் ஊரான புக்கெகோஹியில் இருந்து கேட்கும்போது அவர்களுடைய 'ரௌபாத்து' பாடலுக்கு இன்னொரு கனம் கூடுகிறது. காலனி அரசு மாவோரிகளோடு நடத்திய போரை ஒட்டி 1863இல் இயற்றப்பட்ட சட்டத்தின்மூலம் மாவோரிகளின் நிலம் பறிக்கப்பட்டதைப் பற்றிய பாடல் அது. அந்தச் சட்டத்தால் வைக்காட்டோவில் மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கர் போனது. இந்த ஊரின் கிழக்கே இருக்கும் சிறிய மரத் தேவாலயத்தில் அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று நடந்த சண்டையின் குண்டுத் துளைகள் இன்றும் இருக்கின்றன. வெங்காயமும் உருளைக்கிழங்கும் விளையும் இந்தச் சிவப்பு மண்ணில் நிற்பவருக்கு அந்தப் பாட்டு பக்கத்து வீட்டுச் செய்தி. ஜெர்மனியில் கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் அவர்களைத் தாளம் பிடித்து நிறுத்தியது. 2021இல் 'தங்காரோவா', 2025இல் 'தே ரா' என்று அடுத்தடுத்த ஆல்பங்களும் வந்தன. புதுமைக்காக மட்டும் வந்தவர்கள் மூன்றாவது ஆல்பம்வரை காத்திருப்பதில்லை. அதே சமயம், அந்தச் சகோதரர்களின் தந்தை ஒலித்துறையைச் சேர்ந்தவர் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிறு வயதிலேயே ஒலி என்றால் என்ன என்று வீட்டில் கற்கும் வாய்ப்பு எல்லாக் குழுவுக்கும் இல்லை. அவர்களுடைய திறமையை இது குறைக்காது. அதே திறமை அந்த வாய்ப்பு இல்லாமல் எத்தனை கராஜ்களில் முடங்கியிருக்கும் என்று யோசிக்க வைக்கிறது, அவ்வளவே.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் வரும்: காலம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும், நல்ல இசை கடைசியில் மேலே வந்தே தீரும். இதற்குச் சான்றாக ஸ்ப்ளிட் என்ஸ் என்ற குழுவைக் காட்டலாம். இங்கிருந்து தெற்கே, நாருவாஹியாவில் 1973 ஜனவரியில் நடந்த பெரிய விழாவில் பிளாக் சாபத் வாசித்தது. அதே மேடையில் ஏறிய இந்த ஆக்லாந்து இளைஞர்களைக் கூட்டம் கூச்சலிட்டு விரட்டியது. அதே ஆண்டு தொலைக்காட்சித் திறமைப் போட்டியின் இறுதிச் சுற்றில் கடைசிக்கு முந்தைய இடம். 1980இல் 'ஐ காட் யூ' நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் முதலிடம் பிடித்தது. காலம் நீதி செய்தது என்று தோன்றும். ஆனால் அந்தப் பாட்டை எழுதிய நீல் ஃபின் 1977இல்தான் குழுவில் சேர்ந்தார். ஏழு ஆண்டுகளில் குழுவின் ஆள்களும் மாறியிருந்தார்கள், இசையும் மாறியிருந்தது, அவர்கள் தாக்குப்பிடித்தார்கள் என்பதுதான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது. இன்னும் வலுவான சான்று ரோட்ரிகஸ் என்ற அமெரிக்கப் பாடகர். டெட்ராய்ட்டில் அவர் பதிவு செய்து 1970இல் வந்த 'கோல்ட் ஃபேக்ட்' அமெரிக்காவில் விற்கவே இல்லை, அவர் கட்டடக் கூலி வேலைக்குப் போனார். அதே இசைத்தட்டு தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்கு வீடு ஒலித்தது. ஆஸ்திரேலியாவில் 1979இலும் 1981இலும் அவர் சுற்றுப்பயணமே செய்தார். 2012இல் வந்த ஆவணப்படத்துக்குப் பிறகுதான் சொந்த நாட்டுக்கு அவரைத் தெரிந்தது. இசைத்தட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. ஒரு கடலுக்கு அந்தப் பக்கம் புகழ், இந்தப் பக்கம் சூன்யம். காலம் கண்டெடுத்தவர்களை மட்டுமே நமக்குத் தெரியும் என்பதால் காலம் தவறாமல் கண்டெடுக்கிறது என்று நம்புகிறோம். கண்டெடுக்கப்படாதவர்களின் பெயர் தெரிந்தால்தானே கணக்குச் சரிபார்க்க முடியும்?

இது ராக் இசைக்கு மட்டும் உரிய நோய் அல்ல, கர்நாடக இசையிலும் உண்டு. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டவர்கள் அவர் யார் என்று அறிவார்கள். அவர் இடக்கைக்காரர். வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டுமானால் அவர் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார வேண்டும், வயலின்காரர் இடம் மாற வேண்டும். அந்த இடமாற்றத்துக்கு உடன்படாதவர்கள் இருந்ததால் அவருக்கு வாய்ப்புகள் தட்டிப்போயின. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றவர்கள் பிடிவாதமாகத் தங்களோடு உட்கார வைத்ததால் அந்தக் கலை சபைக்குக் கிடைத்தது. ஒரு மகா வித்வானின் புகழ் பாய் விரிக்கும் இடத்தில் சிக்கி நின்றிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது.

சரி, புகழை விட்டுவிட்டால் தரம் என்பதற்கு வேறு என்ன அளவுகோல், எல்லாம் அவரவர் ரசனைதானே என்று கேட்கலாம். ரசனை வேறு, வேலை வேறு. டெத் மெட்டல் பிடிக்காத ஒலிப்பொறியாளரும் ஒரு டெத் மெட்டல் டிரம்மர் நல்லவரா இல்லையா என்பதைச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் ஒன்றாக இறங்குகின்றனவா, வேகம் ஏறும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாக நிற்கிறதா, நிறுத்தத்தில் ஐந்து பேரும் ஒரே கணத்தில் நிற்கிறார்களா, ஃபேடரைப் பாதியாக இறக்கினாலும் அந்த ரிஃப் உயிரோடு இருக்கிறதா. கடைசிச் சோதனையை நான் மிகவும் நம்புகிறேன். உரக்க ஒலிக்கும் எதுவும் முதலில் நன்றாகவே தோன்றும். ஒலியைத் தாழ்த்தியபின் மிஞ்சுவதுதான் அந்தக் குழு எழுதிய இசை. இதை எந்த வீட்டிலும் யாரும் செய்து பார்க்கலாம். பெயர் பெற்ற சில குழுக்கள் அந்தச் சோதனையில் தேறுவதில்லை, பெயர் தெரியாத சில குழுக்கள் தேறுகின்றன.

ஆகவே ஒலித்துறையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதலில் வாசிக்கும் குழுவுக்கு முழு ஒலியளவையும் கொடுங்கள். அவர்களுடைய டிரம்முக்கும் கிட்டாருக்கும் ஒழுங்காக ஒருமுறை சோதனை வையுங்கள், அரை மணி நேரம் போதும். கேட்பவர்களிடமும் ஒன்று. அடுத்த முறை ஆக்லாந்தில் நிகழ்ச்சிக்குப் போவதானால் புக்கெகோஹியிலிருந்து ஒரு ரயில் முன்னதாகவே ஏறுங்கள். கதவு திறக்கும்போதே உள்ளே இருங்கள், முதல் குழு வாசிக்கத் தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.